இரண்டடிப் பாதை

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போனால் குலசேகரன்பட்டினம். சுற்றுவட்டாரத்தில் குலசை என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தசரா நாட்களில் முத்தாரம்மன் கோயிலுக்கு வேடம் கட்டி வருகிற பக்தர்களால் ஊர் கொள்ளாது. மற்ற நாட்களில் கடல் காற்றும் பனையோலைச் சலசலப்பும்தான் காதில் விழும். இந்தக் குலசைக்குச் சொந்தமாக ஒரு ரயில் இருந்தது என்று சொன்னால் உள்ளூர்ப் பிள்ளைகளில் பலர் நம்ப மாட்டார்கள்.

குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்பது அதன் பெயர். திருச்செந்தூரிலிருந்து குலசை வழியாகத் திசையன்விளை வரை ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி இரண்டே அடி, அதாவது 610 மில்லிமீட்டர். இன்று நாம் பயணம் செய்கிற அகலப்பாதையின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஒரு குழந்தை இரு தண்டவாளங்களிலும் காலை வைத்து நின்றுவிடக்கூடிய அகலத்தில், நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பனங்காட்டுக்குள் போய் வந்தது. 1910களில் தொடங்கிய அந்த ஓட்டம் 1940இல் நின்றுபோனது.

தண்டவாளம் இன்று இல்லை. ஆனால் அந்த இரண்டடி அகலத்துக்குள் இயற்பியலும் வேதியியலும் நிலவியலும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பாதையின் அகலத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? பொறியாளர் என்று சொல்லத் தோன்றும். குலசையில் அதைத் தீர்மானித்தவை பனையும் மணலும்.

பனை கேட்ட ரயில்

தூத்துக்குடி தொடங்கித் தெற்கே நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். முத்தும் சங்கும் உப்பும் உலகுக்குத் தெரிந்த அதன் செல்வங்கள். கரையிலிருந்து சற்று உள்ளே நடந்தால் வேறொரு செல்வம் நெட்டையாக நிற்கும். உடன்குடி, திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரங்களில் ஊர்ப்பெயர்கள் ‘விளை’ என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். விளை என்றால் தோப்பு நிலம். அந்த விளைகளை நிறைத்திருந்தது பனை.

பனையேறி பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார். இது ஒரு நல்ல வேதியியல் பாடம். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு சுக்ரோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. காற்றில் மிதக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அதைத் தின்று சாராயமாக மாற்றக் காத்திருக்கின்றன. சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு நகர்த்தி அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லையென்றால் கள். வெயிலேறுவதற்குள் பதநீர் விடிலிக்கு, அதாவது காய்ச்சும் குடிசைக்கு, வந்துவிட வேண்டும். அங்கே வடிகட்டிக் காய்ச்சினால், ஏறத்தாழ எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும்.

பாரி நிறுவனத்தைச் சேர்ந்த சர்க்கரை ஆலை ஒன்று குலசையில் இயங்கியது. அது கரும்பை நம்பி நடக்கவில்லை. பனைவெல்லத்தை வாங்கிக் கரைத்துச் சுத்திகரித்து வெள்ளைச் சர்க்கரையாக்கியது. இங்கேதான் நேரம் குறுக்கே வருகிறது. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற, சுக்ரோஸ் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையத் தொடங்கும். நாக்குக்கு இனிப்பு குறையாது. ஆனால் உடைந்த சர்க்கரை ஆலையின் பாத்திரத்தில் படிகமாகக் கட்டாது, பாகாகவே நின்றுவிடும். ஆகவே விளைகளில் காய்ச்சிய வெல்லம் கெடுவதற்குள் ஆலைக்கு வந்து சேர வேண்டும். வருகிற வழியெல்லாம் மணல்.

மணலில் மாட்டுவண்டியின் சக்கரம் புதைகிறது. ஒரு டன் சுமையை இறுகாத மணலில் நகர்த்த 150 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையோ அதற்கும் மேலோ வேண்டியிருக்கும். ஒவ்வோர் அடிக்கும் சக்கரம் தனக்கு முன்னே ஒரு மணல் மேட்டை எழுப்பி அதில் தானே ஏறுகிறது. அதே ஒரு டன்னை இரும்புப் பாதையில் இரும்புச் சக்கரத்தின் மேல் வைத்தால், சமதளத்தில் 5 முதல் 8 கிலோ இழுவிசை போதும். இருபது மடங்கு சிக்கனம். மாடுகள் நாக்குத் தள்ளி இழுத்த சுமையை ஒரு சிறிய எஞ்சின் வரிசையாகக் கோத்து இழுத்துவிடும். இந்த மணல் காட்டுக்கு ரயில் ஏன் வந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே விடை.

டம்ளர் சொல்லும் பாடம்

ரயில் வேண்டும் என்பது சரி. அது ஏன் இரண்டடியாக இருக்க வேண்டும்? சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாது, வளைந்து போகும். வாய்ப்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல். ஒரு சுற்றில் வாய்ப்பக்கம் அதிக தூரமும் அடிப்பக்கம் குறைந்த தூரமும் கடப்பதால் டம்ளர் அடிப்பக்கமாகத் திரும்புகிறது.

இப்போது இரண்டு டம்ளர்களை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இணையாக வைத்த இரு கம்புகளின் மேல் உருட்டுங்கள். ஒரு பக்கம் விலகினாலும் அது தானே நடுவுக்கு வந்துவிடும். ரயில் சக்கரமும் இப்படித்தான் லேசாகச் சரிவு வைத்துக் கடையப்பட்டிருக்கிறது. ஒரே அச்சில் இறுகப் பொருத்திய இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். கார்ச் சக்கரம்போல ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற வழியில்லை. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அந்த வேறுபாட்டை இந்தச் சரிவு ஓரளவு ஈடுகட்டும். மிச்சத்தைச் சக்கரம் தேய்ந்தும் கிறீச்சிட்டும் கடக்கும்.

வேறுபாடு எவ்வளவு? பாதை ஒரு கால் வட்டம் திரும்புகிறது என்று வையுங்கள். அகலப்பாதையில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட ஏறத்தாழ 2.63 மீட்டர் நீளம். இரண்டடிப் பாதையில் அது 96 சென்டிமீட்டர்தான். வளைவு பெரிதோ சிறிதோ, கால் வட்டத்துக்கு வேறுபாடு இதுவே. கணக்கில் ஆரம் அடிபட்டுப் போய், தண்டவாள இடைவெளி மட்டுமே மிஞ்சும். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. அகலப்பாதை 175 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது சக்கரம் படும் பாட்டை, இரண்டடிப் பாதை 64 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போதுதான் படும். வண்டி குட்டையாகவும் வேகம் குறைவாகவும் இருந்தால் இன்னும் ஒடுக்கமாகத் திரும்பலாம். இமயமலையில் 1881இல் முடிந்த டார்ஜிலிங் ரயில் பாதையும் இரண்டடிதான். அதில் 20 மீட்டருக்கும் குறைந்த ஆரமுள்ள திருப்பம்கூட உண்டு.

வளையத் தெரிந்த பாதைக்குப் பணம் மிச்சம். மேடு வந்தால் வெட்ட வேண்டாம், சுற்றிக்கொண்டு போகலாம். பள்ளம் வந்தால் நிரவ வேண்டாம், ஒதுங்கிப் போகலாம். இன்றைய அகலப்பாதையின் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ. அந்நாளைய சிறுபாதைகளில் மீட்டருக்கு 15 கிலோ அளவிலான தண்டவாளம் வழக்கம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையின் நீளமும் பாதி அளவுதான். நான்கு ஆட்கள் ஒரு துண்டுத் தண்டவாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்துவிடலாம்.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுத் தந்தது வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் ரயில் பாதை. மலையில் வெட்டிய சிலேட்டுக் கற்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர 1836இல் அது தொடங்கியது. இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நிறைந்த வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கின, வெற்று வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்தன. இவ்வளவு குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் ஓடாது என்று பலர் நினைத்திருக்க, 1863இல் அங்கே எஞ்சின் ஓடியது. 1870இல் நடந்த சோதனை ஓட்டங்களைப் பார்க்க ரஷ்யாவிலிருந்துகூடப் பொறியாளர்கள் வந்தார்கள். அதன்பின் தேயிலை, கரும்பு, நிலக்கரி கிடைத்த இடங்களிலெல்லாம் சிறுபாதைகள் முளைத்தன. குலசையில் அது பனைக்காக முளைத்தது.

தேரியும் தருவையும்

திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் நடுவே தேரிக்காடு கிடக்கிறது. குங்குமத்தைக் கொட்டி வைத்ததுபோல் சிவந்த மணல் மேடுகள். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் இந்த நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் தென்மேற்குக் காற்று, வறண்ட சமவெளியைத் தாண்டி இந்த மணலை வாரி இறைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்ற சொலவடை இங்கே மிகையாகத் தோன்றாது.

பதநீர்க் காலம் பங்குனியில் தொடங்கி ஆவணி வரை நீள்கிறது. காற்றுக் காலமும் அதற்குள் வந்துவிடுகிறது. வெல்லம் நிறைய வருகிற மாதங்களிலேயே மணலும் பாதையை மூட வருகிறது. பறக்கும் மணல் தண்டவாளத்தை மறைக்கும், அச்சு சுழலும் இடத்தில் எண்ணெயோடு கலந்து இரும்பைத் தின்னும். அதே மணலை எஞ்சினே ஒரு பெட்டியில் சுமந்துகொண்டு போகும் என்பது இன்னொரு செய்தி. எஞ்சின் தன் சக்கரங்கள் மேல் அழுந்தும் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விசையைத்தான் உலர்ந்த தண்டவாளத்தில் செலுத்த முடியும். 10 டன் எஞ்சினுக்கு இரண்டரை டன் இழுவிசை. பனியோ தூறலோ பட்டால் அது பாதியாகக் குறைந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். அப்போது ஓட்டுநர் குழாய் வழியாக உலர்ந்த மணலைச் சக்கரத்துக்கு முன்னே தூவுவார், பிடிப்பு திரும்பிவிடும். அச்சுக்குள் போனால் நஞ்சு, சக்கரத்தடியில் விழுந்தால் மருந்து. நீராவி எஞ்சின்களுக்கெல்லாம் இது பொது.

மேடு தேரி என்றால் பள்ளம் தருவை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் மணல் மேடுகளுக்கு நடுவே உள்ள தாழ்நிலங்களில் நீர் பரந்து நிற்கும். சாத்தான்குளம் பக்கத்து வைரவம் தருவை அப்படிப்பட்ட ஓர் ஆழமற்ற ஏரி. நல்ல மழை ஆண்டில் கடல்போல் விரியும், வறட்சியில் ஆடு மேயும் தரையாகிவிடும். தேரியில் பெய்யும் மழை மேலே ஓடாது, சல்லடையில் ஊற்றியதுபோல் உள்ளே இறங்கும். இறங்கிய நல்ல தண்ணீர் அடியிலுள்ள கடல்நீரைவிட எடை குறைவு. எனவே உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல அது மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதைத் தாங்க ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீரியலின் விதி. திருச்செந்தூரில் கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவது, கரையோர மணலுக்குள் இப்படி நல்ல தண்ணீர் ஒதுங்கி நிற்கும் என்பதற்குப் பழகிய சான்று.

நீராவி எஞ்சினுக்கு இந்தத் தண்ணீர்தான் உயிர். ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் ஆறேழு கிலோ தண்ணீர் ஆவியாகும். கொதிநிலையில் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. மூடிய கொதிகலனில் விரிய இடம் இல்லாமல் அது அழுத்தமாகத் திரண்டு உருளைக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருந்த உப்பு போகாது. சுண்ணாம்பும் மக்னீசியமும் கொதிகலன் குழாய்களில் ஓடுபோல் படிந்து, நெருப்பின் சூடு தண்ணீரை எட்டாமல் தடுக்கும். உப்பு மிகுந்தால் தண்ணீர் நுரைத்து, ஆவியோடு சேர்ந்து உருளைக்குள் புகுந்துவிடும். வீட்டில் உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கடலோர ரயிலுக்குக் கரியைவிடத் தண்ணீர்க் கவலை பெரிது.

இரண்டு அளவுகள் சந்தித்த ஊர்

மீட்டர் பாதை ரயில் 1876இலேயே தூத்துக்குடியை எட்டிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு அது வந்தது 1923இல். அதன் பிறகு திருச்செந்தூரில் இரண்டு அகலங்கள் சந்தித்தன. சிறுபாதையில் வந்த மூட்டை பெரிய பாதைக்குத் தானாக மாறாது. ஒரு பெட்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கூலி, நேரம், சேதாரம் மூன்றும் அங்கே சேரும். கட்டும்போது மிச்சப்படுத்திய காசை ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் உலகெங்கும் சிறுபாதைகளின் தலைவிதி.

அதைவிடப் பெரிய அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1932இல் இந்திய சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் நிறைவேறியது. வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி உயர்ந்தது. கங்கைச் சமவெளியில் கரும்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கரும்பை வயலில் வெட்டி அப்படியே ஆலையில் பிழியலாம். பனைக்கு ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு நாளும், ஒரு மனிதர் ஏறி இறங்க வேண்டும். சாலையில் மோட்டார் வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுக்குத் தண்டவாளமும் வேண்டாம், இறக்கி ஏற்றவும் வேண்டாம். ஓர் ஆலையை நம்பிப் பிறந்த ரயிலுக்கு அந்த ஆலையின் தொழிலைத் தாண்டி ஆயுள் கிடையாது. கால் நூற்றாண்டு ஓடியபின் 1940இல் அது நின்றது.

ஏரிக்கரையில் பிழைத்த எஞ்சின்கள்

வேல்ஸிலும் இதே கதைதான் நடந்தது. சிலேட்டுக்கு மவுசு போனது, குவாரிகள் மூடின, சிறிய எஞ்சின்கள் பழைய இரும்புக்கு விலை பேசப்பட்டன. அங்கே மக்கள் குறுக்கே வந்தார்கள். 1951இல் டாலிலின் என்ற சிறுபாதையைத் தொண்டர்களே ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அப்படிப் பிழைத்த முதல் ரயில் பாதை அது. வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரியான பாலா ஏரியின் கரையோரம் போன பெரிய ரயில் பாதை 1965இல் மூடப்பட்டது. ஏழு ஆண்டுகளில் அதே பாதைப் படுக்கையில் இரண்டடித் தண்டவாளம் போடப்பட்டு, 1972இல் ரயில் ஓடியது. பின்னர் அதை இழுக்க வந்தவை டினோர்விக் சிலேட்டுக் குவாரியில் உழைத்து ஓய்ந்த நீராவி எஞ்சின்கள். நூறு வயதைத் தாண்டியும் அவை இன்று ஏரியோரத்தில் ஏழு கிலோமீட்டர் தூரம் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

நம் நாட்டிலும் பிழைத்தவை உண்டு. டார்ஜிலிங் ரயில் 1999இலும் நீலகிரி மலை ரயில் 2005இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டும் மலையில் ஓடியவை, கோடை வாசஸ்தலங்களுக்குப் பயணிகளைக் கொண்டுபோனவை. பார்த்தவர்கள் படம் வரைந்தார்கள், புத்தகம் எழுதினார்கள். பனைவெல்லம் சுமந்த ரயிலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அது பனையேறிகளின் உழைப்பைச் சுமந்த ரயில். அதனாலேயே அது மலை ரயில்களுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று நான் கருதுகிறேன். உடன்குடிக் கருப்பட்டிக்கு இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு இந்தப் பாதைக்கும் சேரும்.

வளைய முடியாத பயணம்

குலசையின் பெயர் மறுபடியும் பயணத்தோடு சேர்ந்து ஒலிக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இஸ்ரோவின் புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவும் ராக்கெட் நேர் தெற்கே போக முடியாது, இலங்கை வழியில் இருக்கிறது. ஆகவே முதலில் தென்கிழக்கே போய், பிறகு திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். 500 கிலோ எடையைச் சுமக்க வடிவமைத்த எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது சுமையில் பெரும் பகுதியை இழப்பதாகும். குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல். வளையாமல் நேரே போகலாம்.

சிறிய ரயிலுக்கு வளைவு வரம், சிறிய ராக்கெட்டுக்கு வளைவு சாபம். இரண்டும் குலசையைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒன்றே. எளிய சுமையை எளிய செலவில் கொண்டுபோக என்ன வழி என்ற கேள்விக்கு இந்த நிலம் இரண்டு முறை விடை சொல்லியிருக்கிறது.

ராக்கெட்டைப் பார்க்கக் குலசைக்கு நாளை ஆயிரம் பேர் வருவார்கள். அவர்கள் கண்ணில் படும்படி ஊர் முகப்பில் இரண்டடி இடைவெளியில் இரண்டு துண்டுத் தண்டவாளங்களையும் ஒரு பெயர்ப்பலகையையும் வைக்க வேண்டும். அந்த வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ரயில் கடைசியாக ஓடியபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் மாணவர்களை நோட்டுப் புத்தகத்தோடு திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை ஊர் ஊராக அனுப்புங்கள். ரயில் எந்த விளையோரம் போனது, எங்கே தண்ணீர் பிடித்தது, எங்கே நின்றது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.